அர்த்தநாரியில் பெண் பாதி காத்திருக்கிறதா, வேலை செய்கிறதா? – திருச்செங்கோட்டிலிருந்து ஒரு கேள்வி

பகுதி: ஆன்மிகமும் இல்லறமும்

செங்கோட்டுக்காரி – சனி, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வருவதெல்லாம் படிக்கத்தான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. வீட்டுக்காரர் ரிக் வண்டி, அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி, வைத்திருக்கிறார். ரிக் வைத்திருப்பவர் வீடு எப்படி நடக்கும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வண்டி ஒடிசாவிலோ மத்தியப் பிரதேசத்திலோ போர் போட்டுக்கொண்டிருக்கும். அவர் வீட்டுக்கு வருவது வருஷத்தில் மூன்று நான்கு தடவை. இங்கே டீசலுக்குப் பணம் போடுவது, ஆட்களுக்கு அட்வான்ஸ், ஏஜென்டுகளிடம் பாக்கி வசூல், வண்டித் தவணை, பையன் படிப்பு, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எல்லாம் என் கையில். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

போன மாதம் தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று ஆண் சக்தி, பெண் சக்தி பற்றிய இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். நடத்தியவர் சொன்னது இதுதான்: ஆண் சக்தி என்றால் கொடுப்பது, முடிவெடுப்பது, முன்னால் போவது. பெண் சக்தி என்றால் வாங்கிக்கொள்வது, காத்திருப்பது, குழைந்து இருப்பது. அப்புறம் ஒவ்வொருவரிடமும் வீட்டு நிலவரம் கேட்டார். நானும் சொன்னேன். "உங்களுக்குள் ஆண் சக்தி ஏறிவிட்டது. அதனால்தான் உங்கள் கணவர் வீட்டில் தங்குவதில்லை. கணக்கு நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் பெண்ணாக இருங்கள், எல்லாம் தன்னால் சரியாகும்" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய அர்த்தநாரீஸ்வரர் படம்.

அதை நம்பினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மூன்று வாரம் எந்த ஏஜென்டுக்கும் போன் போடவில்லை. "எல்லாம் நீங்களே பார்த்துக்குங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பகலெல்லாம் வண்டியோடு வெயிலில் நிற்கிறவர். ராத்திரி பதினொரு மணிக்குமேல் உட்கார்ந்து யார் யாருக்கு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். சம்பளம் பிந்தியதில் இரண்டு ஆட்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். "உனக்கு உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா சாமி?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று மலைக்குப் போனேன். கார் ரோடு இருக்கிறது, ஆனாலும் படியேறியே போனேன். 1,200 படிக்கு மேல். சன்னதியில் கூட்டம் இல்லை. குருக்கள் தீபத்தை மேலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார். வலப்பக்கம் வேட்டி, இடப்பக்கம் புடவை. வலது கையில் தண்டம். இடது கை இடுப்பில். சின்ன வயசிலிருந்து பார்த்துவரும் சாமிதான். ஆனால் இன்றைக்குத்தான் அந்த இடது கை கண்ணில் பட்டது. அது அம்மன் கை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். களத்து மேட்டில் வேலை பார்க்கிறவள் ஒரு நிமிஷம் நிமிர்ந்து நிற்பாளே, அந்த நிற்பு. காத்திருப்பவள் இப்படியா நிற்பாள்?

என் கேள்வி இதுதான். பெண் சக்தி என்றால் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது என்று நம் நூல்களில் எங்காவது உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலம்புரி – சனி, இரவு 10.35

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த மாதிரி வகுப்புகளை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் மனைவியும் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்றுக்குப் போனோம். அதுவரை வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதே தினமும் சண்டை. நான் வீட்டு விஷயங்களில் பொறுப்பெடுக்க ஆரம்பித்ததும் அவள் நிம்மதியானாள். ஆண் உறுதியாக நின்றால் பெண் மலர்வாள் என்று அங்கே சொன்னார்கள். எங்களுக்கு அது பலித்தது. சிவனும் சக்தியும் வேறு வேறு குணம் உள்ளவர்கள்தானே? வேறுபாடே இல்லையென்றால் ஏன் இரண்டு பாதி?

நெருப்புக்கல் – சனி, இரவு 11.10

வலம்புரி, நீங்கள் பொறுப்பெடுத்ததால் உங்கள் மனைவிக்கு நிம்மதி வந்தது. அதில் சக்தி எங்கே வந்தது? வேலையைப் பங்கு போட்டீர்கள், அவ்வளவுதான். அதற்கு இரண்டு நாள் வகுப்பும் கட்டணமும் வேண்டியதில்லை.

நான் கோவையில் நர்ஸ். நைட் ஷிப்ட் முடிந்து வந்து சமைக்கும்போது என்னைச் சக்தி என்பார்கள். நிலம் எழுதும்போது மட்டும் அந்தப் பேச்சு காணாமல் போகும். சாமி உடம்பில் பாதி கொடுத்தார் என்று பாட்டுப் பாடுகிற ஊரில், மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வர 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் போட வேண்டியிருந்தது. 2005இல் நாடு முழுக்க. அதற்குப் பிறகும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் அண்ணன்மார் எத்தனை பேர்! அதனால் தத்துவம் பேசுகிறவர்கள் கொஞ்சம் அடுப்படிக்கும் பத்திரப்பதிவு ஆபீசுக்கும் வந்துவிட்டுப் பேசுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்றதமிழாசிரியர் – ஞாயிறு, காலை 6.20

செங்கோட்டுக்காரி அம்மா, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அப்படி இல்லை. நம் மரபு சொல்வது அதற்கு நேர் எதிர்.

நூலுக்குப் போகுமுன் நம் வாய்ப்பேச்சைப் பாருங்கள். ஒன்றும் செய்யாமல் ஓரமாக இரு என்பதற்கு என்ன சொல்கிறோம்? "சிவனேன்னு கிட." காய்ச்சலில் படுத்தவர் எழுந்து நடக்க முடியவில்லை என்றால்? "உடம்புல சக்தி இல்ல." அசையாமல் இருப்பதற்குச் சிவன் பெயரும், எழுந்து நடப்பதற்குச் சக்தி பெயரும் வைத்தது எந்தப் பண்டிதரும் இல்லை, சனங்கள்தான். செயல் சக்தியுடையது என்பது அவர்களுக்கு அவ்வளவு இயல்பாகத் தெரிந்திருக்கிறது.

நூலும் இதையே சொல்கிறது. சக்தியோடு கூடினால்தான் சிவனால் செயல்பட முடியும், இல்லாவிட்டால் அசையக்கூட முடியாது என்றுதான் சௌந்தர்யலகரியின் முதல் பாட்டே ஆரம்பிக்கிறது. சாங்கியம் என்கிற பழைய தத்துவத்தில் புருஷன், அதாவது உணர்வு, வெறுமனே பார்க்கிறவன்; பிரகிருதி என்கிற இயற்கைதான் எல்லாவற்றையும் செய்கிறது. பார்வையில்லாதவர் தோளில் நடக்க முடியாதவர் உட்கார்ந்து வழி சொல்கிற உவமையைச் சாங்கிய காரிகை காட்டும். அதில் நடக்கிற கால் பிரகிருதியினுடையது. நம் சைவ சித்தாந்தம் இந்த உவமையோடு நிற்பதில்லை. பிரகிருதியைப் போல அறிவில்லாத ஜடம் அல்ல சக்தி. அவளே அறிவு, அவளே அருள். இச்சை, ஞானம், கிரியை மூன்றும் அவள் வடிவம். "அருளது சத்தி யாகும் அரன்தனக்கு" என்கிறது சிவஞான சித்தியார். அருளில்லாமல் சிவம் இல்லை, சிவம் இல்லாமல் சக்தியும் இல்லை என்று அந்தப் பாட்டு தொடர்கிறது. சூரியனையும் வெளிச்சத்தையும் போல. வெளிச்சத்தைத் தனியே பிரித்தால் சூரியன் என்று எதைச் சொல்வீர்கள்?

ஆண் என்றால் செயல், பெண் என்றால் ஏற்பது என்கிற பங்கீடு வேறு எங்கிருந்தோ வந்தது. வந்ததை வந்ததாகச் சொல்லியிருந்தால் எனக்கு வருத்தமில்லை. அர்த்தநாரீஸ்வரர் படத்தை மாட்டிக்கொண்டு அதைச் சொல்வதுதான் தவறு.

வலம்புரி தம்பி நல்ல கேள்வி கேட்டார்: வேறுபாடு இல்லையென்றால் ஏன் இரண்டு பாதி? வேறுபாடு உண்டு. தேவாரத்தின் முதல் சொல்லே அதைக் காட்டும். சம்பந்தப் பிள்ளை சீர்காழிக் குளக்கரையில் முதலில் பார்த்ததைச் சொல்லும்போது "தோடுடைய செவியன்" என்றார். தோடு பெண் அணிவது. குழந்தையின் கண் முதலில் போனது தாயின் காதுக்கு! மாணிக்கவாசகரும் தோலும் துகிலும், குழையும் தோடும், நீறும் சாந்தும், சூலமும் வளையும் என்று ஒரே உடம்பில் இரண்டு பக்கத்தையும் அடுக்கிவிட்டு, இதுதான் "தொன்மைக் கோலம்" என்றார். இரண்டும் தனித்தனி நிறம். ஆனால் ஒரே உடம்பு, ஒரே உயிர். ஒரு பாதி முதலாளி, மறுபாதி கூலி என்று அங்கே கணக்கில்லை.

இன்னும் ஒன்று. திருவாசகத்தில் பெண்கள் கேள்வியும் பதிலுமாகப் பாடுகிற திருச்சாழலில், சிவனுக்கு எதற்குப் பெண் என்று ஒருத்தி கேலியாகக் கேட்பாள். அவன் பெண்பாகத்தை விரும்பாமல் இருந்தால் உலகத்தில் எல்லாரும் யோகத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள், குடும்பம் என்றே ஒன்று இருக்காது என்று மற்றவள் பதில் சொல்வாள். இல்லறம் நடப்பதே அவன் அவளோடு சேர்ந்து நிற்பதால்தான். உங்கள் வீட்டில் வண்டி ஓடுவதற்கும் இது பொருந்தும் அம்மா.

திருவானைக்கா வாசல் – ஞாயிறு, காலை 11.05

திருச்சியிலிருந்து ஒரு சின்னச் செய்தி. எங்கள் கோயிலில் தினமும் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரி அம்மனாக மேளத்தோடு சாமி சன்னதிக்குப் போவார். அம்பாளே வந்து பூஜை செய்வதாக ஐதீகம். பூஜையும் கோபூஜையும் முடித்துத் திரும்புவார். என் அப்பா என்னை ஏழெட்டு வயதில் கூட்டிப்போய்க் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நரைத்த மார்புக்கு மேல் பட்டுப்புடவை. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, "அம்மா, அம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஓர் ஆண் தினமும் மத்தியானம் அம்மனாக நிற்பதை ஊரே கும்பிடுகிறது. ஒரு பெண் கணக்கு நோட்டு எழுதினால் ஆண் சக்தி ஏறிவிட்டதா?

வலம்புரி – ஞாயிறு, மாலை 4.40

ஆசிரியர் ஐயா, "சிவனேன்னு கிட" என்கிற பேச்சை இவ்வளவு நாள் வாயால் சொல்லியும் யோசித்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. யாகம், ஹோமம் எல்லாம் கணவன்தான் செய்கிறான், மனைவி பக்கத்தில் தர்ப்பையால் தொட்டுக்கொண்டு இருக்கிறாள். அங்கே செயல் ஆணுடையதாகத்தானே இருக்கிறது?

ஓய்வுபெற்றதமிழாசிரியர் – ஞாயிறு, இரவு 7.15

தம்பி, அந்தத் தர்ப்பையைத் தொட மனைவி இல்லாவிட்டால் யாகமே இல்லை. மனைவி இல்லாதவனுக்கு வேள்வி செய்ய உரிமை இல்லை என்பதுதான் விதி. அசுவமேதத்துக்கு இராமன் சீதையின் பொன் உருவத்தைப் பக்கத்தில் வைத்தது அதற்காகத்தான். ஆனாலும் உங்கள் கேள்வியில் உண்மை இருக்கிறது. மந்திரம் சொல்லும் உரிமையை ஒரு பக்கமே வைத்துக்கொண்டது வைதிகச் சடங்கு. அதை மூடி மறைக்க மாட்டேன். தத்துவம் ஓரிடத்தில் இருந்தது, வழக்கம் வேறிடத்தில் இருந்தது. நெருப்புக்கல் அம்மா கோபப்படுவது அந்த இடைவெளியைப் பார்த்துத்தான், அந்தக் கோபம் நியாயம்.

நெருப்புக்கல் – ஞாயிறு, இரவு 8.02

நன்றி ஐயா. மாதவிலக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளத்துச் செங்கன்னூரில் பகவதிக்கே மாதவிலக்கு வந்ததாகச் சொல்லி நடையை மூடி, அப்புறம் பம்பை ஆற்றில் ஆறாட்டு என்று நீராட்டு நடத்துகிறார்கள். அஸ்ஸாமில் காமாக்யா கோயிலை அம்புபாச்சித் திருவிழாவுக்கு மூன்று நாள் மூடிவைத்து, திறந்ததும் அந்தச் சிவப்புத் துணியைப் பிரசாதமாக வாங்க லட்சக்கணக்கில் வருகிறார்கள். அம்மனுக்கு வந்தால் பிரசாதம். என் அம்மாவுக்கு வந்தபோது மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனித் தட்டு. இதை நான் பார்த்து வளர்ந்தேன்.

மட்டுறுத்துநர் – ஞாயிறு, இரவு 8.30

வகுப்பு நடத்தியவர் யார் என்று கேட்டு வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். யார் பெயரும் வேண்டாம். விஷயத்தைப் பேசுங்கள்.

மாசிவீதி – திங்கள், பின்னிரவு 1.25

தூக்கம் வரவில்லை, எல்லாரும் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் மதுரை. வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்போது அவருக்கு 41 வயது.

எங்கள் ஊரில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை "உங்க வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்பார்கள். மீனாட்சி ஆட்சியா, நடராசர் ஆட்சியா என்று அர்த்தம். எங்கள் வீட்டில் என்ன ஆட்சி என்று அவரைக் கேட்டால், "பள்ளியறை" என்பார். ராத்திரி பள்ளியறை பூஜைக்குச் சுந்தரேஸ்வரர் பாதம் பல்லக்கில் ஏறி மீனாட்சி சன்னதிக்கு வருமே, அதைச் சொல்வார். நாள் முழுக்க யார் ஆண்டாலும் ராத்திரி அவர்தான் அவள் வாசலுக்குப் போகிறார் என்பார்.

சித்திரையில் திருக்கல்யாணம் முடிந்ததும் பெண்களெல்லாம் தாலிச்சரடு மாற்றிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். போன வருஷம் என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். தலைக்குத் தண்ணீர் ஊற்ற, ஆலம் சுற்ற எல்லாவற்றுக்கும் நாத்தனார்தான். என்னை உள் அறையில் உட்கார வைத்தார்கள். கதவிடுக்கில் அவள் என்னைத் தேடியது தெரிந்தது. பிள்ளையைப் பெற்றவள் நான்.

ஆசிரியர் ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். ஆண் பாதி சிவம், பெண் பாதி சக்தி, இரண்டும் சேர்ந்தால்தான் முழுசு என்று இங்கே எல்லாரும் சொல்கிறீர்கள். அப்படியானால் நான் இப்போது பாதியா?

செங்கோட்டுக்காரி – திங்கள், காலை 5.40

அக்கா, விடிகாலையில் இதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நூல் தெரியாது. ஆனால் எங்கள் மலையைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை தெரியும், அதைச் சொல்கிறேன்.

பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் கும்பிடுவாராம். அம்மனும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் வண்டாக மாறி நடுவில் புகுந்து சிவனை மட்டும் சுற்றி வருவாராம். அம்மன் கேட்டாளாம்: "என்னை வேண்டாம் என்றால் என்னுடையதைக் கொடுத்துவிடு." அவர் உடம்பிலிருந்து ரத்தமும் சதையும் போய்விட்டது. அது தாய் கொடுத்தது. தகப்பன் கொடுத்த எலும்பும் நரம்பும்தான் மிச்சம். நிற்க முடியவில்லை. சிவன் மூன்றாவது கால் கொடுத்துத் தாங்கினாராம். அதற்கப்புறம்தான் அம்மன் தவமிருந்து இடப்பாகம் வாங்கினாள்.

பாட்டி இதைச் சொல்லும்போது என் கையைக் கிள்ளி, "இது உங்கம்மா" என்பாள். மணிக்கட்டு எலும்பைத் தட்டி, "இது உங்கப்பன்" என்பாள். ஒவ்வொருத்தர் உடம்பிலும் இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வெளியிலிருந்து ஒருத்தர் வந்தால்தான் முழுசு என்று பாட்டி சொல்லவே இல்லை அக்கா.

ஓய்வுபெற்றதமிழாசிரியர் – திங்கள், காலை 6.45

மாசிவீதி அம்மா, செங்கோட்டுக்காரியின் பாட்டி சொன்னதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது. யோக நூல்களும் அதைத்தான் சொல்கின்றன. இடகலை இடப்பக்க மூச்சு, சந்திரன். பிங்கலை வலப்பக்கம், சூரியன். மூக்கின் கீழ் விரலை வைத்துப் பாருங்கள், இப்போது ஒரு பக்கம் ஓங்கியிருக்கும், சில நாழிகை கழித்து மறுபக்கம். ஆணுக்கும் அப்படித்தான், பெண்ணுக்கும் அப்படித்தான், கணவனை இழந்தவருக்கும் அப்படித்தான். கணவன் சேர்ந்தால்தான் மனைவி முழுசு என்று சித்தாந்தத்தில் நான் படித்ததில்லை. நாம் எல்லாரும் உயிர்கள், அவ்வளவுதான். சிவமும் சக்தியும் சேர்ந்தே ஒவ்வோர் உயிருக்குள்ளும் இருக்கிறார்கள்.

காரைக்கால் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கணவன் பரமதத்தன் இன்னொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று அம்மையார் பெயரையே வைத்து, கடைசியில் மனைவி மகளோடு வந்து அவர் காலில் விழுந்தான். கணவன் துணை இல்லாமல், அழகும் வேண்டாம் என்று உதறிவிட்டுத் தலையால் நடந்து கயிலை போனவரைத்தான், தாய் தந்தை இல்லாத சிவன் "அம்மையே" என்று கூப்பிட்டான். பாதியைப் பார்த்தா அப்படிக் கூப்பிடுவான்?

உங்களை உள் அறையில் உட்கார வைத்தது எந்த ஆகமத்திலும் சேர்ந்ததல்ல. அது மனிதர்கள் செய்தது. மனிதர்களே மாற்றலாம்.

நெருப்புக்கல் – திங்கள், காலை 9.30

அக்கா, எங்கள் அப்பா 2011இல் இறந்தார். தங்கை கல்யாணத்தில் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தது எங்கள் அம்மாதான். சித்தப்பா இரண்டு பேர் எழுந்து போனார்கள். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். உங்கள் மகள் கல்யாணத்தில் முதல் ஆலம் நீங்கள் சுற்றுங்கள். தேதி குறித்ததும் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

காரைநகர்க்காரி – திங்கள், மாலை 6.15

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். ஊர் யாழ்ப்பாணம், காரைநகர்.

பிருங்கி கதையில் அம்மன் இருந்த தவம்தான் கேதாரகௌரி விரதம். விஜயதசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் முடியும், 21 நாள். எங்கட ஊரில் இது பெண்களுக்கு மட்டும் என்று இல்லை. ஆண்களும் பிடிப்பார்கள். 21 இழையில் காப்பு நூல் செய்து, கடைசி நாள் பூசையில் கட்டிக்கொள்வோம். ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. சிவன் பக்கம், அம்மன் பக்கம் என்று அப்பா விளக்கம் சொல்லுவார். அவர் மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர். 21 நாளும் ஒரு நேரச் சாப்பாடுதான், அதோடு கடலுக்கும் போய்வருவார்.

அவர் போர்க்காலத்தில் காணாமல் போனார். அடுத்த வருஷம் அம்மா விரதம் பிடிக்கலாமா கூடாதா என்று சொந்தக்காரர் பேச்செடுத்தார்கள். அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது, என்னவென்று தீர்மானிப்பது? அம்மா ஒருவரிடமும் கேட்கவில்லை. இரண்டு காப்பு செய்தா. ஒன்றை இடது கையில் கட்டினா, மற்றதை வலது கையில் கட்டினா. கோயில் ஐயர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முடிச்சைத் தானே இறுக்கிவிட்டார். இங்கே வந்தும் அம்மா சாகும்வரை அப்படித்தான், இரண்டு கையிலும்.

மாசிவீதி அக்கா, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன்.

வலம்புரி – திங்கள், இரவு 9.20

இதைப் படித்தபின் நான் முதலில் எழுதியதை நினைத்துப் பார்த்தேன். "ஆண் உறுதியாக நின்றால் பெண் மலர்வாள்" என்று எழுதினேன். மனைவியிடம் அந்த வரியைக் காட்டிக் கேட்டேன். "நீங்க பால் கணக்கும் குழந்தை தடுப்பூசியும் ஞாபகம் வச்சுக்க ஆரம்பிச்சீங்க. எனக்கு நிம்மதி வந்தது அதுலதான்" என்றாள். நெருப்புக்கல் சொன்னதையேதான் அவளும் சொன்னாள். செங்கோட்டுக்காரி, அந்த வகுப்பை நம்பச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

ஓய்வுபெற்றதமிழாசிரியர் – செவ்வாய், காலை 6.10

இன்னொன்று சொல்ல ஆசை. அப்பர் கயிலைக்கு நடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டு போய் முடியாமல், வழியில் ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அம்மையும் அப்பனும் சேர்ந்து இருப்பதைப் பார்க்கத்தான் அவ்வளவு பாடு. திருவையாற்றில் அவருக்கு முதலில் தெரிந்தது எது தெரியுமா? பிடியோடு வருகிற களிறு. அடுத்து சேவலும் பெட்டையும், குயில் சோடி, மயில் சோடி, மான் சோடி, நாரை, கிளி, கடைசியில் காளையும் பசுவும். ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு "கண்டேன் அவர்திருப் பாதம் கண்டறி யாதன கண்டேன்" என்றார். வாழ்நாள் முழுக்கத் துறவியாக இருந்த கிழவர்! தெருவில் போகிற கோழி சோடியில் கயிலையைப் பார்த்தார். அந்தச் சோடிகளில் எது முன்னால் போகிறது, எது பின்னால் வருகிறது என்று அவர் ஆராயவில்லை.

ஆடி அமாவாசைக்குத் திருவையாறு போனால் கயிலைக் காட்சி பார்க்கலாம். முடிந்தவர்கள் போய்வாருங்கள்.

மாசிவீதி – செவ்வாய், இரவு 10.50

எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இன்று சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து காரைநகர்க்காரி எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்: "மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் எட்டாம் நாள்தானே? கல்யாணம் பத்தாம் நாள். அப்ப கல்யாணத்துக்கு முன்னாடியே ராணிதானே?" இத்தனை வருஷம் சித்திரைத் திருவிழா பார்க்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. செங்கோல் வாங்கிய பிறகுதான் மாலை மாற்றுகிறாள்.

அடுத்த திருக்கல்யாணத்துக்கு நான் தூணுக்குப் பின்னால் போகப்போவதில்லை.

செங்கோட்டுக்காரி – தீபாவளிக்கு மறுநாள், காலை 7.30

இந்த இழையைத் திரும்பத் தூக்குவதற்கு மன்னிக்கவும், கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டுமே.

எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் அமாவாசை ஒரு நாள் மட்டும்தான் கேதாரகௌரி நோன்பு எடுப்பார்கள். இந்தத் தடவை 21 நாளும் இருந்தேன். விஜயதசமி அன்று அவருக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நானும் ராத்திரி ஒரு வேளைதான் சாப்பிடறேன்" என்றார். வண்டியோடு இருப்பவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சமையல்காரப் பையனிடம் விசாரித்தேன், சொன்ன மாதிரியே இருந்திருக்கிறார்.

அமாவாசை அன்று விடிகாலையில் வந்து சேர்ந்தார். 21 அதிரசத்தில் ஏழெட்டு பாகு பதம் தப்பி உதிர்ந்துபோயின, அவர்தான் உட்கார்ந்து திரும்பத் தட்டிக் கொடுத்தார். மாமியார் இரண்டு பேருக்கும் காப்பு கட்டினார். அவருக்கு வலது கை, எனக்கு இடது கை.

சாயங்காலம் அவரே கணக்கு நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "மூணு வாரம் நான் எழுதின பக்கத்தப் பாத்துச் சரி பண்ணு, எனக்கே புரியல" என்றார். இரண்டு பேரும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்தோம். போன இரண்டு ஆட்களில் ஒருத்தர் திரும்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒடிசா ஏஜென்ட் ஒருத்தரிடம் மட்டும் பாக்கி நிற்கிறது. இன்று பத்து மணிக்குமேல் நான் போன் போடுகிறேன்.